எதிராளி கட்டியதை இடிக்காதவர்கள்: மொரிஷியஸ் பொருளாதாரம் எழுந்த விதம்

மொரிஷியஸின் நூறு ரூபாய்த் தாளை முதன்முறையாகக் கையில் வாங்கும் தமிழ்நாட்டு உறவினர்கள் அதைச் சட்டென்று பைக்குள் வைத்துவிடுவதில்லை. ஆங்கிலத்துக்கு அடுத்த வரியிலேயே தமிழில் பணத்தின் மதிப்பு அச்சிடப்பட்டிருப்பதைப் படித்துவிட்டு, படத்தில் இருப்பவர் யார் என்று கேட்பார்கள். அவர் ரெங்கநாதன் சீனிவாசன்: வழக்கறிஞர், தொழிற்கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவர், சுதந்திரத்தைக் காணாமலே 1958-இல் மறைந்த தமிழர். நான் அதோடு நிறுத்துவதில்லை. மற்றத் தாள்களையும் மேசையில் பரப்பிக் காட்டுவேன். ஐம்பது ரூபாயில் பிரெஞ்சு வழிவந்த வெள்ளையர் மொரிஸ் பத்துரோ. இருபத்தைந்தில் சீன வணிகர் ஆ-ஷுவென். இருநூறில் இஸ்லாமியத் தலைவர் அப்துல் ரசாக் முகமது. ஐந்நூறில் சுக்தேவ் பிசுந்தயால். ஆயிரத்தில் கயெத்தான் துவால், இரண்டாயிரத்தில் சிவசாகர் ராம்குலாம். இந்தக் கடைசி இருவரில் ஒருவர் நாட்டுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று போராடியவர். மற்றவர் வேண்டவே வேண்டாம் என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர். இருவர் படத்தையும் ஒரே வங்கி அச்சிட்டிருக்கிறது என்பதிலேயே இந்தத் தீவின் பொருளாதார வரலாற்றில் பாதி அடங்கியிருக்கிறது.

1968 மார்ச் 12-இல் சுதந்திரம் வந்தபோது, நாடு பிழைக்கும் என்று நம்பியவர்கள் சிலரே. சுமார் 2,040 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஏறத்தாழ 8 இலட்சம் மக்கள். ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கரும்புச் சர்க்கரையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலேரியாவை ஒழித்ததால் இறப்பு விகிதம் சட்டென்று இறங்கியது. பிறப்பு விகிதம் இறங்கவில்லை. 1960-இல் கரோல் புயல் வீடுகளையும் கரும்பையும் ஒருசேர வாரிக்கொண்டு போனது. அதையடுத்து நிலைமையை ஆராய வந்த பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட், 1961-இல் தந்த அறிக்கையில் மக்கள்தொகைப் பெருக்கத்தைச் சமாளிக்கப் புதுத் தொழில்கள் வேண்டும் என்று வற்புறுத்தினார். இந்தத் தீவு அமைதியாக வளரும் வாய்ப்பு குறைவு என்பதே அவருடைய கணிப்பு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அறிஞர் அவர். அவர் கணக்கில் பிழை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தீவின் அரசியல்வாதிகள் ஒருவரோடொருவர் என்ன செய்துகொள்வார்கள் என்பது அவருடைய கணக்குக்குள் அடங்காத ஒன்றாக இருந்தது.

1967 ஆகஸ்ட் தேர்தல், நடைமுறையில், சுதந்திரம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பாகவே நடந்தது. ராம்குலாம் தலைமையிலான கூட்டணி 39 இடங்களையும், துவாலின் கட்சி 23 இடங்களையும் பெற்றன. ஆனால் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் துவால் பக்கம் நின்றார்கள். இந்து ஆட்சி வந்துவிடும் என்ற அச்சத்தில், ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் குடும்பங்கள் பல ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறின. 1968 ஜனவரியில் போர்ட் லூயிஸில் கிரியோல்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் இடையே கலவரம் மூண்டு, அதை அடக்கப் பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. அதன் பின் சில வாரங்களில்தான் கொடி ஏறியது. நம் தமிழ்க் குடும்பங்களும் அப்போது ஒரே பக்கம் நிற்கவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் ராம்குலாமுக்கும் தம்பி துவாலுக்கும் வாக்களித்த கதைகளைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அடுத்த ஆண்டே, 1969-இல், ராம்குலாம் துவாலை அழைத்துத் தம் அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சராக அமர்த்தினார். மக்கள் 'சாச்சா' என்று அழைத்த மருத்துவர் ராம்குலாம், இலண்டனில் படித்த காலத்திலிருந்தே சோசலிசக் கருத்துகளில் ஊறியவர். துவால் சர்க்கரை முதலாளிகளின் நண்பர். வாக்குப் பெரும்பான்மையை வைத்துக்கொண்டு ராம்குலாம் தனியே ஆண்டிருக்கலாம். அவருடைய கட்சிக்குள்ளேயே பலர் அதைத்தான் விரும்பினார்கள். ஆனால் நிலமும் ஆலையும் வங்கியும் வெள்ளையர் கையில், வாக்கும் அரசு வேலையும் இந்திய வம்சாவளியினர் கையில் என்று இரண்டாகப் பிளந்து கிடந்த ஒரு நாட்டில், ஒரு தரப்பு மற்றதை ஒழிக்கப் புறப்பட்டால் இரண்டுமே அழியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். கரும்புத் தோட்டங்களை அவர் அரசுடைமையாக்கவில்லை. அதே காலத்தில் ஆப்பிரிக்காவின் பல புதிய அரசுகள் அதைச் செய்து கைதட்டல் பெற்றுக்கொண்டிருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த முடிவுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்பது புரியும்.

தோட்டங்களை விட்டுவைத்தார் என்பதற்காக, முதலாளிகளைச் சும்மா விட்டார் என்று கொள்ளக் கூடாது. சர்க்கரை ஏற்றுமதிக்கு வரி இருந்தது; அதுவும் சிறு விவசாயிக்குச் சலுகையாகவும் பெருந்தோட்டங்களுக்குக் கனமாகவும் அமைந்த வரி. சுதந்திரம் கிடைத்த ஆண்டிலிருந்து 1982 வரை நிதி அமைச்சராக இருந்தவர் வீராசாமி ரிங்காடு. பிறகு தலைமை ஆளுநராகி, 1992-இல் நாடு குடியரசானபோது முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற தமிழர் இவர்தான். ராம்குலாமின் பெயர் விமான நிலையத்தில் நிற்கிறது. பதினான்கு ஆண்டுகள் கணக்குப் புத்தகத்தைத் தாங்கிப் பிடித்த ரிங்காடுவை இன்றைய இளைஞர்களில் பலர் அறியமாட்டார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம். சர்க்கரையிலிருந்து வந்த பணம் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும், விலை குறைத்து விற்ற அரிசிக்கும் மாவுக்கும் போனது. கிரியோல் மொழியில் 'திரி ராசியோன்' என்று சொல்லப்படும் அந்த ரேஷன் அரிசியைக் குறை சொல்லாத வீடு கிடையாது. அதைத் தின்று வளராத ஏழை வீடும் கிடையாது. 1977 முதல் இடைநிலைக் கல்வி இலவசமானது. 1976 தேர்தலில் தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் கொடுத்த வாக்குறுதி அது என்று சொல்பவர்கள் உண்டு. பயந்து கொடுத்திருந்தாலும், கொடுத்த வாக்கை நிறைவேற்றினார்கள். பத்தாண்டு கழித்துத் தொழிற்சாலைகள் பெருகியபோது எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் வாசலில் காத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சர்க்கரையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபோது, அதன் பழைய காலனிகளின் சர்க்கரைக்கு என்ன கதி என்ற கேள்வி எழுந்தது. 1975-இல் லோமே உடன்படிக்கையோடு இணைந்து வந்த சர்க்கரை ஒப்பந்தத்தில், ஆண்டுதோறும் சுமார் 5 இலட்சம் டன் சர்க்கரையை உறுதியான விலைக்கு ஐரோப்பா வாங்கிக்கொள்ளும் என்ற பங்கை மொரிஷியஸ் பெற்றது. ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளிலேயே மிகப் பெரிய பங்கு அதுதான். வேளாண் அமைச்சர் சத்காம் புலெல் அந்தப் பேச்சுவார்த்தைகளில் காட்டிய திறமையை எதிர்க்கட்சியினரும் ஒப்புக்கொள்வார்கள். அந்தச் சமயத்தில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. நல்ல விலை கிடைக்கும்போது நீண்ட கால ஒப்பந்தத்தில் ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று யோசித்த நாடுகள் சிறு பங்கோடு ஒதுங்கின. மொரிஷியஸ் முழு விளைச்சலையும் எண்ணிப் பார்த்துப் பெரிய பங்கைக் கேட்டது. சந்தை விலை சரிந்த பிறகு வந்த பல ஆண்டுகளில், அந்த ஒப்பந்த விலை உலக விலையைவிட வெகுவாக மேலே நின்றது. தீவு எழுந்ததில் இந்தச் சலுகைக்கு உள்ள பங்கைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அதே சலுகை பெற்ற மற்ற நாடுகளும் இருந்தன. அவை எல்லாம் மொரிஷியஸைப் போல எழவில்லை.

இனி, இந்தத் தீவில் எல்லோரும் 'ஸோன் ஃப்ரான்ஷ்' என்று சொல்லும் ஏற்றுமதி மண்டலம். ஹாங்காங்கிலும் தைவானிலும் தொழில்கள் வளர்ந்த விதத்தைக் கூர்ந்து கவனித்த பேராசிரியர் எதுவார் லிம் ஃபாட் என்ற சீன-மொரிஷியர், அதே வழியை இங்கும் பின்பற்றலாம் என்று எழுதியும் பேசியும் வந்தார். கைக்கடிகாரங்களுக்கான சிறு கற்களைத் தீட்டும் ஆலை ஒன்றை ஹோஸே பொன்சினி 1960-களிலேயே இங்கே தொடங்கி, மூலப்பொருளை வெளியிலிருந்து கொண்டுவந்து வேலையை மட்டும் இங்கே செய்து திருப்பி அனுப்ப முடியும் என்று காட்டியிருந்தார். 1970-இல் அதற்கான சட்டம் வந்தது. மற்ற நாடுகளில் மண்டலம் என்றால் சுவர் எழுப்பிய ஓர் இடம். இங்கோ அது ஓர் உரிமச் சான்று. தீவின் எந்த மூலையில் ஆலை வைத்தாலும், ஏற்றுமதிக்கென்றால் இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும் சுங்கம் கிடையாது, பல ஆண்டுகளுக்கு இலாப வரிச் சலுகை உண்டு, இலாபத்தை வெளியே எடுத்துச் செல்லலாம். இதன் பயனை ஊர்களில் பார்க்கலாம். வேலைக்காக யாரும் ஊரை விட்டுப் பெயர வேண்டியிருக்கவில்லை; ஆலையே ஊருக்கு வந்தது. உள்நாட்டுத் தொழில்களைப் பாதுகாக்கும் உயர்ந்த சுங்கச் சுவரை அரசு இடிக்கவும் இல்லை. பழைய வீட்டை வைத்துக்கொண்டே பக்கத்தில் புது வீடு கட்டுவது போல இரண்டையும் ஒருசேர நடத்தியது. கரும்பில் ஈட்டிய பணத்தை வெளிநாட்டுக்குக் கொண்டு போகாமல் வெள்ளையக் குடும்பங்கள் இங்கேயே ஆலைகளில் போட்டன. மண்டலத்தின் முதலீட்டில் பாதியளவு உள்நாட்டுப் பணம். 1969-இல் அந்தக் குடும்பங்களோடு ஏற்பட்ட சமாதானத்தின் வட்டி இது.

இந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சொல்லாமல் தலைவர்களை மட்டும் புகழ்வது எனக்கு ஒப்பாது. மண்டலத்தில் தொழிலாளர் சட்டங்கள் தளர்த்தப்பட்டிருந்தன. கூடுதல் நேர வேலை கட்டாயமானது. பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி. 1971-இல் துறைமுகத்திலும் போக்குவரத்திலும் வேலைநிறுத்தம் வெடித்தபோது ராம்குலாம் அரசு நெருக்கடி நிலையை அறிவித்து, இளைஞர் போல் பெராஞ்சே உள்ளிட்ட, எம்.எம்.எம். என்ற இடதுசாரி எதிர்க்கட்சியின் தலைவர்களை விசாரணையின்றி ஏறக்குறைய ஓராண்டு சிறையில் அடைத்தது. 1972-இல் நடக்க வேண்டிய தேர்தல் 1976-க்குத் தள்ளிப்போனது. சாகோஸ் தீவுகள் 1965-இல் பிரிட்டனால் மொரிஷியஸிலிருந்து பிரிக்கப்பட்டு, அங்கிருந்த மக்கள் வேரோடு பிடுங்கப்பட்டுப் போர்ட் லூயிஸ் சேரிகளில் கொட்டப்பட்டதும் சுதந்திரத்தின் விலைப் பட்டியலில் உண்டு. 1979 அக்டோபரில் ரூபாயின் மதிப்பு 30 விழுக்காடும், 1981-இல் மீண்டும் 20 விழுக்காடும் குறைக்கப்பட்டது. சர்க்கரை விலை உயர்ந்தபோது தாராளமாகச் செலவழித்ததன் பின்விளைவு அது, புயல்களும் சேர்ந்துகொண்டன. 1980-களின் தொடக்கத்தில் வேலை தேடும் ஐவரில் ஒருவருக்கு வேலை இல்லை.

மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1982 தேர்தலில் எதிரணி 60-க்கு 60 இடங்களையும் வென்றது. ராம்குலாமே தம் தொகுதியில் தோற்றார். அனிருத் ஜக்நாத் பிரதமர், பத்தாண்டுக்கு முன் சிறையிலிருந்த பெராஞ்சே நிதி அமைச்சர். சர்வதேசச் செலாவணி நிதியத்தை எதிர்த்தே வளர்ந்த கட்சி, ஆட்சிக்கு வந்தவுடன் முந்தைய அரசு அந்த நிதியத்தோடு செய்த உடன்பாட்டைக் கிழித்துப்போடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பெராஞ்சே கணக்கைப் பார்த்தார், கருவூலம் காலி. தோட்டங்களை அரசுடைமையாக்கும் பேச்சை ஒதுக்கிவிட்டு, செலவைக் குறைக்கும் கடினமான திட்டத்தைத் தாமே தொடர்ந்தார். தம்மைச் சிறையிலிட்டவர்கள் எழுதிய ஒப்பந்தத்தை நிறைவேற்றும் பொறுப்பைத் தம் தோளில் சுமந்த அந்த ஒன்பது மாதங்களை, இந்த நாட்டின் பொருளாதார வரலாற்றின் மிக உயர்ந்த பகுதிகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன். அதற்குரிய பலனை அவர் அறுவடை செய்யவில்லை. 1983 மார்ச்சில் ஆட்சி உடைந்தது. ஜக்நாத் புதுக்கட்சி தொடங்கி, துவாலோடும் ராம்குலாமின் தொழிற்கட்சியோடும் கூட்டுச் சேர்ந்து ஆகஸ்டில் வென்றார். தோற்ற ராம்குலாமை அவர்கள் ஒதுக்கி வைக்கவில்லை, தலைமை ஆளுநராக்கினார்கள், 1985 டிசம்பரில் இறக்கும்வரை அந்தப் பதவியிலேயே இருந்தார்.

ஜக்நாத்தும் நிதி அமைச்சர் விஷ்ணு லட்சுமிநாராயுடுவும் முந்தையவர்கள் போட்ட அடித்தளத்தின் மேல் வேகமாகக் கட்டினார்கள். காலமும் ஒத்துழைத்தது. ஹாங்காங் 1997-இல் சீனாவிடம் திரும்பும் என்று 1984-இல் முடிவானதும் அங்கிருந்த முதலாளிகள் வேறிடம் தேடினார்கள். அவர்களுடைய ஆடைகளுக்கு ஐரோப்பாவில் அளவுக் கட்டுப்பாடு இருந்தது, மொரிஷியஸில் தைத்த ஆடைக்குச் சுங்கமின்றி வழி திறந்திருந்தது. 1983-இல் மண்டலத்தில் சுமார் 25,000 பேர் வேலை பார்த்தார்கள். பத்தாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 90,000 பேர். கம்பளி பின்னலாடை ஏற்றுமதியில் இந்தச் சிறு தீவு உலகின் முன்வரிசைக்கு வந்தது.

அந்த எண்களுக்குப் பின்னால் எனக்கு ஒரு முகம் தெரியும். ரோஸ் ஹில்லில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் சுதந்திரம் கிடைத்த ஆண்டில் பிறந்தவர். அவருடைய அப்பா கரும்பு வெட்டியவர். அம்மா வெள்ளையர் வீட்டில் துணி துவைத்தவர். இலவசக் கல்வியில் சில வருடங்கள் படித்துவிட்டு, 1985-இல், பதினேழு வயதில், பின்னலாடை ஆலையில் சேர்ந்தார். விடியுமுன் ஆலை வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். தூக்குச் சட்டியில் சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும், தலையில் நேற்றுக் கோவிலில் வைத்த பூவின் மிச்சம். வண்டிக்குள் தமிழ், தெலுங்கு, போஜ்பூரி, கிரியோல் வீட்டுப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து போவார்கள்; பேசிக்கொள்வது கிரியோலில். முதல் மாதச் சம்பளத்தை அப்பா கையில் கொடுத்தபோது அவர் வாங்காமல், "உன் பெயரில் போட்டு வை" என்று தபால் அலுவலகத்துக்கு அழைத்துப் போனாராம். அந்தச் சேமிப்பில்தான் தகரக் கூரை மாறி கான்கிரீட் தளம் வந்தது. தைப்பூசத்துக்கு ஆலை விடுப்புத் தராத ஆண்டுகளில் இரவு வேலை பார்த்துவிட்டு அப்படியே காவடிக்குப் போயிருக்கிறார். வரதட்சிணைக்காக அவருடைய திருமணம் தள்ளிப்போகவில்லை. சம்பாதிக்கும் பெண் என்பதால் மாப்பிள்ளை வீட்டார் தேடி வந்தார்கள். குழந்தை இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஆறு பிள்ளை அளவில் இருந்த பிறப்பு விகிதம் ஏற்கெனவே பாதியாக இறங்கியிருந்தது. மீட் அஞ்சிய மக்கள் பெருக்கம் இப்படி வீடு வீடாகத் தணிந்தது.

இதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1989 முதல் வெளிநாட்டு நிதிச் சேவைகள். 2001-இலிருந்து எபென் பகுதியில் கரும்புக் காட்டை அழித்து எழுந்த கணினி நகரம். 2005-இல் உலக ஆடை வணிகத்தின் அளவுக் கட்டுப்பாடு நீங்கியது. 2006-க்கும் 2009-க்கும் இடையே ஐரோப்பா சர்க்கரை விலையை 36 விழுக்காடு குறைத்து, பழைய ஒப்பந்தத்தையும் முடித்துவைத்தது. இரண்டு தூண்களும் ஒருசேரச் சாய்ந்த அந்த நேரத்தில் நிதி அமைச்சராக இருந்த தமிழர் ராமா சித்தானென், வருமான வரியையும் நிறுவன வரியையும் ஒரே 15 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தார். பணக்காரர்களுக்குச் சாதகம் என்று அன்று எழுந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனாலும் நாடு விழவில்லை. அடுத்தடுத்து வந்த அரசுகள் வரியைக் கூட்டியும் குறைத்தும் மாற்றினாலும், இலவசக் கல்வியிலும் மருத்துவத்திலும் கை வைக்கவில்லை. ஒரு காலத்தில் தீவு முழுக்க இருபது அளவில் புகைந்த சர்க்கரை ஆலைகளில் இன்று மூன்றுதான் மிச்சம். 2020-இல் உலக வங்கி மொரிஷியஸை உயர் வருமான நாடுகளின் வரிசையில் சேர்த்தது. பெருந்தொற்றில் சுற்றுலா முடங்கியதால் மறு ஆண்டே கீழே இறக்கியது.

தலைவர்களின் தொலைநோக்கு என்று பேசும்போது ஐம்பது ஆண்டுக்கு முன்பே எல்லாவற்றையும் கண்ட ஒரு தனி மனிதரைத் தேடும் வழக்கம் நமக்கு இருக்கிறது. மொரிஷியஸில் அப்படி ஒருவர் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ராம்குலாம் தோட்டத்தை விட்டுவைத்தார். அவரைத் தோற்கடித்தவர்கள் அவருடைய மண்டலத்தையும் ரேஷன் அரிசியையும் விட்டுவைத்தார்கள். ஜக்நாத் பெராஞ்சேயின் சிக்கனத்தை வைத்துக்கொண்டார். தேர்தல் மேடையில் ஒருவரையொருவர் கிழித்தார்கள், கூட்டணியை உடைத்தார்கள், மீண்டும் சேர்ந்தார்கள். எதிராளி கட்டியது என்பதற்காக மட்டும் எதையும் இடிக்கவில்லை. 1998-இல் புதிய தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சிட்டபோது நம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சிட்டது. அது மொழிப் பிரச்சினையாக மட்டுமே பார்க்கப்பட்டது. எனக்கு அது 1969-இன் அதே மனநிலையின் தொடர்ச்சியாகப் படுகிறது. இருப்பதைக் கலைத்தால் எல்லோருக்கும் நட்டம் என்று இந்த நாட்டில் ஆள்பவர்கள் சீக்கிரம் உணர்ந்துகொள்கிறார்கள்.

அந்த மனநிலைக்கு இப்போது ஒரு புதுச் சோதனை வந்திருக்கிறது. சொத்து வருமானம் எதையும் பார்க்காமல் முதியவர் எல்லோருக்கும் ஓய்வூதியம் என்ற ஏற்பாடு 1958-லிருந்து, அதாவது சுதந்திரத்துக்கும் முன்பிருந்து, இங்கே உள்ளது. அந்தத் தொகை அறுபது வயதில் கிடைத்துவந்தது. 2004-இல் அதற்கு வருமான வரம்பு வைத்தபோதும், அடுத்த ஆண்டே அது நீக்கப்பட்டது. பிறப்பு குறைந்து முதியோர் பெருகியதால் செலவு தாங்கவில்லை என்று கூறி, 2025 ஜூன் வரவு செலவுத் திட்டத்தில் நவீன் ராம்குலாம் அரசு அந்த வயதைப் படிப்படியாக அறுபத்தைந்துக்கு உயர்த்துவதாக அறிவித்தது. எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்தன. சாச்சாவின் மகன் அவர். கணக்கு உண்மையானதுதான், மறுக்க முடியாது. எங்கள் தெரு அக்கா அந்த அறிவிப்பு வந்தபோது ஐம்பத்தேழு வயதை எட்டியிருந்தார். அவர் வேலை பார்த்த ஆலை பல வருடங்களுக்கு முன்பே மூடிவிட்டது. அதன்பின் வீடுகளில் தையல் வேலை செய்கிறார். இருபது வருடங்கள் ஊசி முனையில் நிலைத்திருந்த கண் இப்போது மங்கல். வானொலியில் செய்தி முடிந்ததும், தபால் அலுவலகப் புத்தகத்தை எடுத்து வந்து என் முன்னே வைத்து, தமக்கு எந்த மாதத்திலிருந்து பணம் வரும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொன்னார்.